எண்ணி எழுதும் ஊசி

துணியின் இழைகளை எண்ணி, கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறியாகத் தைத்து, அந்தக் குறிகளின் கூட்டத்தால் உருவம் எழுப்பும் ஊசி வேலைக்குக் கிராஸ் ஸ்டிச் என்று பெயர். பாடப்புத்தகங்கள் குறுக்குத் தையல் என்று எழுதினாலும், தைப்பவர்கள் வாயில் கிராஸ் ஸ்டிச்தான். சங்கிலித் தையலுக்கும் காம்புத் தையலுக்கும் துணியின் மேல் முதலில் கார்பன் தாள் வைத்துக் கோடு இழுத்துக்கொள்வார்கள். ஊசி அந்தக் கோட்டின் வழியே போகும். கிராஸ் ஸ்டிச்சுக்குத் துணியின் மேல் ஒரு கோடும் கிடையாது. மடியில் வெறும் துணி, பக்கத்தில் கட்டம் போட்ட தாள், இரண்டுக்கும் இடையே எண்ணிக்கை. இந்த வேலையில் தையல் வகையும் ஒன்றே ஒன்றுதான். முதல் குறி எப்படியோ அப்படியே முப்பதாயிரமாவது குறியும் அமைய வேண்டும். இந்தக் கலையின் அழகு முழுவதும் அந்த ஒரே சீரில்தான் இருக்கிறது.

தென்மாவட்டக் கடைகளில் இதற்கு வாங்கும் துணி மேட்டி துணி. பாவிலும் ஊடையிலும் இழைகளைச் சேர்த்துச் சேர்த்து நெய்வதால், கூடை முடைந்ததுபோல் சிறு சிறு சதுரங்களும், சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு துளைகளும் கண்ணுக்குத் தெரியும். இதே வேலைக்கென்று செய்யப்படும் ஐடா துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை சதுரம் என்பதை எண்ணாகவே சொல்லி விற்கிறார்கள்: 11, 14, 16, 18. பரவலாகப் பயன்படுவது 14. அதில் ஒரு சதுர அங்குலத்துக்கு 196 குறிகள் விழும். ஊசிக்குக் கூர்முனை கூடாது. முனை மழுங்கிய, காது நீண்ட ஊசி துளையைத் தானே தேடிப் போய் இறங்கும். கூர் ஊசி இழையைப் பிளந்துவிடும், பிளந்த இழையில் தைத்த குறி ஒரு பக்கம் சாயும்.

நூலின் கதையில் தூத்துக்குடிக்கும் பங்கு உண்டு. ஃபேன்சி ஸ்டோரில் சிறு சிறு கண்டாக, இலக்கமிட்ட காகிதப் பட்டையுடன் தொங்கும் ஆங்கர் நூலை இந்தியாவில் விற்றுவந்த நிறுவனம் மதுரா கோட்ஸ். 1892இல் ஹார்வி சகோதரர்கள் மதுரையில் தொடங்கிய மதுரா மில்ஸ், 1974இல் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து அந்தப் பெயரைப் பெற்றது. அதே ஹார்வி நிர்வாகத்தின் கீழ் இருந்ததுதான் தூத்துக்குடி கோரல் மில். 1908இல் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் வேலைநிறுத்தம் நடத்தி, தொழிலாளருக்குக் கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றுத் தந்த ஆலை அது. பஞ்சு நூலுக்குப் பட்டின் மினுமினுப்பு வருவது காரத்தில் முக்கி எடுப்பதால். 1840களில் ஜான் மெர்சர் இந்தக் கார முறையைக் கண்டார். நூலை இழுத்துக் கட்டிய நிலையில் முக்கினால் ஒளிரும் என்பதை 1890 வாக்கில் ஹொரஸ் லோ கண்டார். இந்த மினுமினுப்பு கிராஸ் ஸ்டிச்சுக்கு வரமும் சோதனையும் ஆகிறது. ஏன் என்பது குறிகளின் சாய்வைப் பற்றிச் சொல்லும் இடத்தில் விளங்கும்.

ஒரு கண்டின் நீளம் 8 மீட்டர். அது ஆறு இழை சேர்ந்த நூல். 14 கட்டத் துணிக்கு இரண்டு இழை போதும். 18க்கு ஒற்றை இழையே பலர் வைப்பார்கள். ஆகவே ஒரு கண்டு இரட்டை இழையாக 24 மீட்டர் ஆகிறது. ஒரு குறிக்கு முன்னும் பின்னுமாக ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நூல் செலவாகும். தொடக்கத்திலும் முடிவிலும் வீணாவதைக் கழித்தால், ஒரு கண்டு சுமார் 2,000 குறி வரும். இந்தக் கணக்கைத் துணி வாங்கும்போதே போட்டுக்கொள்பவர் பின்னால் தவிக்க மாட்டார். ஒரே இலக்கமுள்ள நூல்கூட வேறு வேறு சாயத் தொட்டியில் நனைந்து வந்தால் நிறம் மயிரிழை மாறும். கண்டாக வைத்துப் பார்க்கையில் தெரியாத அந்த மாற்றம், ஆறு மாதம் கழித்து வானத்தின் நடுவே ஒரு படியாக எழுந்து நிற்கும். பெரிய பரப்புக்கு வேண்டிய நிறத்தை ஒரே நாளில், ஒரே கட்டிலிருந்து வாங்கி வைப்பதே முறை.

முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கும் அதன் உள்புறச் செம்மண் தேரிக்காட்டு ஊர்களுக்கும் இந்த ஊசி வேலையின் பழக்கம் மிஷன் பெண் பள்ளிகளின் வழியே வந்தது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் தம் பள்ளிச் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். லேஸ் விற்ற காசில் பள்ளி நடந்தது. அடிமைகளாய் இருந்த சில பெண்கள் தங்கள் விடுதலையையும் அந்தக் காசில் வாங்கினார்கள். அவர் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். அங்கும் லேஸ் வேலை வேரூன்றியது. தேரிக்காட்டு ஊரான நாசரேத்தில் கனோன் ஆர்தர் மர்காஷிஸ் ஐயர் 1876 முதல் 1908இல் இறக்கும்வரை பணியாற்றினார். அவர் வந்த காலம் தாது வருஷப் பஞ்சத்தின் காலம். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு விடுதியும், 1878இல் அவர்கள் கையில் ஒரு தொழிலைக் கொடுக்கத் தொழிற்பள்ளியும் அமைத்தார். ஊர்க் கல்லூரியும் மேல்நிலைப் பள்ளியும் இன்றும் அவர் பெயரைச் சுமக்கின்றன. இந்த மிஷன் உலகம் முழுவதிலும், எழுத்தும் கணக்கும் போலவே தையலும் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்.

லேஸ் சந்தைக்குப் போனது. கிராஸ் ஸ்டிச் வீட்டில் நின்றது. இந்த வேறுபாடு முக்கியமானது. லேஸை அளந்து விலை சொல்லலாம். பல மாதம் பிடிக்கும் ஒரு கிராஸ் ஸ்டிச் படத்துக்கு உழைப்பைக் கணக்கிட்டு விலை சொன்னால் வாங்க ஆள் வராது. அதனால் அது பரிசாகவும் காணிக்கையாகவும் சுவரில் தொங்கும் வசனமாகவுமே வாழ்ந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி, குமரி மாவட்டக் கிறிஸ்தவ வீடுகளின் முன்னறையில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் தையல் வசனத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பெரும்பாலும் சங்கீதங்களிலிருந்து ஒரு வரி; சுற்றிலும் ரோஜாக் கொடி; மேல் மூலையில் புறா, அல்லது திறந்த வேதாகமம். அதைக் கடந்து போகிறவர்கள் ரோஜாவைத்தான் பார்த்துப் புகழ்வார்கள். தையல் தெரிந்தவர் கண் எழுத்துக்குப் போகும்.

ஏனென்றால் ரோஜா எங்கும் கிடைக்கும். பெர்லின் நகரத்து அச்சகங்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வண்ணம் தீட்டிய கட்டப் படங்களை விற்கத் தொடங்கிவிட்டன. ரோஜாவும் கிளியும் நாய்க்குட்டியும் அன்றிலிருந்து கட்டக் கணக்கோடு உலகமெங்கும் சுற்றுகின்றன. ஆங்கில எழுத்தும் அப்படியே. சிறுமிகள் எழுத்துகளைத் துணியில் தைத்துப் பழகும் மாதிரித் துணி வழக்கம் இங்கிலாந்தில் மிகப் பழையது. தேதி போட்ட மிகப் பழைய ஆங்கில மாதிரித் துணி 1598இல் ஜேன் போஸ்டாக் தைத்தது, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருபத்தாறு எழுத்துகளை ஐந்து கட்ட அகலத்தில், ஏழு கட்ட உயரத்தில் அடக்கும் வாய்பாடு பல தலைமுறையாகக் கைமாறி வருகிறது. தமிழ் எழுத்துக்கு அப்படி ஒரு வாய்பாடு எளிதில் கைக்கு வருவதில்லை. நாசரேத்தில் ஒருவர் தமிழ் வசனம் தைக்க உட்கார்ந்தால், முதல் வேலை ஊசியில் இல்லை. கணக்கு நோட்டில், பென்சிலோடு, எழுத்தைக் கட்டத்துக்குள் இறக்குவதில் இருக்கிறது.

சில எழுத்துகள் இதற்கென்றே பிறந்தவை. ட என்பது ஒரு நிமிர்ந்த கோடும் ஒரு படுத்த கோடும். ப மூன்று கோடு. ஆய்த எழுத்தோ மூன்று குறிகளில் முடிந்துவிடுகிறது. தமிழ் நெடுங்கணக்கில் இதைவிட எளிதாகத் தைக்கக்கூடியது வேறில்லை. சிக்கல் சுழியில் தொடங்குகிறது. வட்டம் என்ற ஒன்று கட்டத்தில் கிடையாது. நடுவில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, அதன் மேலும் கீழும் இடமும் வலமுமாக நான்கு குறி வைத்தால், மூலைகள் திறந்த அந்தச் சாய்சதுரத்தைத் தூரத்திலிருந்து கண் வட்டமாக வாங்கிக்கொள்ளும். ஆக ஒரு சுழிக்கு மூன்று கட்ட அகலம் குறைந்தபட்சம் வேண்டும். ன எழுத்தைவிட ண எழுத்துக்குச் சுழி கூடுதல். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு சுழியை விழுங்கினால் மணம் மனமாகிவிடும். வேத வசனத்தில் அந்தப் பிழை சுவரில் தலைமுறைக்கும் நிற்கும்.

கு, சு, டு, து, நு என்ற வரிசையைப் பார்த்தால் உகரம் ஒவ்வொரு மெய்யோடும் ஒவ்வொரு விதமாய் ஒட்டுகிறது. சிலவற்றில் கீழே வளைகிறது, சிலவற்றில் கால் இழுக்கிறது. இகரமும் ஈகாரமும் எழுத்தின் தலைக்கு மேல் ஏறுகின்றன. ழகரத்தின் வால் வரிக்குக் கீழே இறங்குகிறது. ஆங்கில எழுத்துக்கு ஏழு கட்டம் போதும் என்றால், தமிழ் வரிக்கு நடு உடலுக்கு ஏழு, மேலே நான்கு, கீழே நான்கு என்று பதினைந்து கட்டம் ஒதுக்கிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் இகர விசிறியும் முட்டிக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரே ஒரு குறி. ஓலைச்சுவடியில் எழுதியவர்கள் ஓலை கிழியும் என்று புள்ளியை இடாமலே விட்டார்கள், படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். ஊசிக்கு அந்தச் சலுகை தேவையில்லை. துணி கிழியாது, புள்ளியை வைக்கலாம். எழுத்துக்கும் புள்ளிக்கும் இடையே ஒரு கட்டம் காலி விட மறந்தால் மட்டும் அது எழுத்தோடு ஒட்டிக்கொண்டு மரு போலத் தெரியும்.

எழுத்தாணி ஓலையில் வளைந்து ஓடியதால் தமிழ் எழுத்து வளைவு பெற்றது என்பார்கள். அந்த வளைவைச் சதுரத்துக்குள் அடக்கும் வேலை இந்தக் கடற்கரைக்குப் புதிதும் அல்ல. அண்டிரிக் அடிகளார் தமிழை அச்செழுத்தில் ஏற்றி 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற நூலை அச்சிட்டார்; 1586இல் அடியார் வரலாறு தாமிரவருணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் அச்சேறியது. அச்சு வார்ப்பவர் எழுத்தை உலோகக் கட்டைக்குள் இருத்தினார். வசனம் தைப்பவர் அதே எழுத்தை நூல் கட்டத்துக்குள் இருத்துகிறார். இரண்டிலும் கேள்வி ஒன்றே: எதை விட்டாலும் எழுத்து எழுத்தாகவே நிற்கும்?

கட்டத்துக்குள் அடங்காத வளைவைப் பின்தையலால் ஒரு மெல்லிய கோடாக மேலே ஓட்டிச் சரிக்கட்டுவதும் உண்டு. அது தவறில்லை, ஆனால் முழுக் குறிகளாலேயே நின்று படிக்கக்கூடிய எழுத்துதான் மேல். பின்தையல் சுற்றிய எழுத்து வேலி கட்டிய வீடு போல இருக்கும்.

ஒரு வசனத்தின் கணக்கு இப்படி வரும். முப்பத்தைந்து எழுத்து, எழுத்துக்கு சராசரி ஒன்பது கட்டம், இடைவெளிக்கு இரண்டு, மொத்தம் 385. மூன்று வரியாகப் பிரித்து, சொற்களுக்கு நடுவே இடம் விட்டால் வரிக்கு 140 கட்டம், அதாவது 14 கட்டத் துணியில் பத்து அங்குலம். இந்தக் கூட்டலை முதலிலேயே செய்து, பாதியை நடுக்கோட்டில் வைத்துத் தொடங்கினால்தான் வரி நடுவில் நிற்கும். செய்யாதவர்களின் வசனத்தில் கடைசிச் சொல் ஓரத்தில் போய் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

இனி வேலை நகரும் விதம். 150 கட்ட அகலம், 200 கட்ட உயரம் உள்ள ஒரு நிறைபடத்துக்கு 30,000 குறி. ஒவ்வொரு குறிக்கும் ஊசி நான்கு முறை துணியைக் கடக்கும். ஆக ஒரு லட்சத்து இருபதாயிரம் முறை. பழகிய கை மணிக்கு 150 குறி வைக்கும் என்று கொண்டால் 200 மணி நேரம். நாளுக்கு ஒரு மணி நேரம் உட்காரும் பெண்ணுக்கு 200 நாள். பரீட்சைக் காலமும் கல்யாண வீடும் சபையின் அசனப் பண்டிகையும் குறுக்கே வந்தால் ஒரு வருஷம். இந்த எண்கள் பயமுறுத்த அல்ல. இந்தக் கலையில் அவசரத்துக்கு வழியே இல்லை என்பதைக் காட்டத்தான். ஊசியை இரட்டிப்பு வேகத்தில் ஓட்ட முடியாது. ஓட்டினால் நூல் இறுகும், இறுகிய இடத்தில் துளை பெரிதாகும், அந்த நாள் தைத்த வரி மற்ற நாள் வரிகளிலிருந்து பிரிந்து தெரியும். ஒரு படத்தில் தைத்தவரின் கோபமும் களைப்பும் எந்தக் கட்டத்தில் வந்து உட்கார்ந்தன என்று தேர்ந்த கண் சொல்லிவிடும்.

துணியின் ஓரத்தை முதலில் மடித்து ஓட்டிவிட வேண்டும். இல்லையேல் ஆறு மாதத்தில் ஓரம் பிரிந்து உள்ளே ஏறும். பிறகு துணியை நான்காக மடித்து நடுப்புள்ளியைக் கண்டு, அதிலிருந்து பத்துப் பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடாக மெல்லிய வேறுநிற நூலை ஓட்டுகிறார்கள். தாளிலும் பத்துக்கு ஒரு தடித்த கோடு இருக்கும். இனி எண்ணிக்கை ஒன்றிலிருந்து பத்துக்கு மேல் போகாது. இந்த ஓட்டுநூலைக் கட்டுவதற்குள் இரண்டு மாலை போய்விடும். ஒரு குறிகூட விழுந்திராது. ஆனால் மொத்த வேலையையும் காப்பாற்றும் மாலைகள் அவைதான். வாசலில் புள்ளிக் கோலம் போடுபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 15 புள்ளி 8 வரை ஊடு புள்ளி என்று வைத்து முடித்த பிறகுதான் கோடு இழுக்கப்படும். புள்ளி பிசகினால் கோலம் பிசகும். தேரிக்காட்டுப் பனையோலைப் பெட்டி முடைபவரும் ஈர்க்கையும் ஓலையையும் எண்ணித்தான் முதல் மடிப்பைப் போடுகிறார். எண்ணி வளர்க்கும் கைவேலையின் அறிவு இந்த மண்ணில் ஊசிக்கு முன்பே இருந்தது.

நூலை முடிச்சுப் போட்டுத் தொடங்குவதில்லை. ஓர் இழையை இரண்டாக மடித்து, இரு முனைகளையும் ஊசிக்காதில் கோத்து, முதல் குறியின் பின்புறம் உருவாகும் கண்ணிக்குள் ஊசியை நுழைத்தால் நூல் தானே கட்டிக்கொள்ளும். முடியும்போது பின்புறத்து நாலைந்து குறிகளுக்கு அடியில் செருகி வெட்டினால் போதும். முடிச்சு வைத்த வேலையைச் சட்டமிட்டால், அம்மை வடு போல முன்பக்கம் மேடு தட்டும்.

குறி போடுவதில் இரண்டு வழக்கம் உண்டு. வரிசையாக ஒரு பக்கச் சாய்வுக் கால்களை எல்லாம் முதலில் போட்டுக்கொண்டு போய், திரும்பி வரும்போது எதிர்ச் சாய்வால் மூடுவது ஒன்று. ஒவ்வொரு குறியையும் அங்கேயே முழுதாக முடித்து நகர்வது மற்றொன்று. பெரிய ஒற்றை நிறப் பரப்புக்கு முதல் வழக்கம் நூலையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும், பின்புறமும் நேர்க்கோடுகளாய் ஒழுங்காக விழும். நிறங்கள் சிதறிக் கிடக்கும் இடத்துக்கு இரண்டாவது. எதுவானாலும் மேலே விழும் கால் படம் முழுவதும் ஒரே திசையில் சாய வேண்டும். இங்கேதான் நூலின் மினுமினுப்பு சோதிக்கிறது. ஒரு திசையில் சாய்ந்த நூலும் எதிர்த் திசையில் சாய்ந்த நூலும் வெளிச்சத்தை வேறு வேறு பக்கம் திருப்புகின்றன. ஒரே சிவப்பு நூலால் தைத்த ரோஜா இதழில் பத்துக் குறி மட்டும் திசை மாறினால், சன்னல் பக்கமிருந்து பார்க்கும்போது அந்தப் பத்தும் வேறு சிவப்பாகத் தெரியும். பல மாதம் ஓடும் வேலையில் துணியை ஒருநாள் தலைகீழாகப் பிடித்துவிட்டால் போதும், இது நேர்ந்துவிடும். ஆகவே பழகியவர்கள் துணியின் மேல் ஓரத்தில் ஓர் அடையாள நூலைக் கட்டிவைக்கிறார்கள்.

நிறங்கள் அடிக்கடி மாறும் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் ஊசி வைத்து, ஒரு பத்துக்குப் பத்துப் பெட்டியை முடித்ததும் அந்தந்த நூல் அடுத்த பெட்டியில் எங்கே தொடங்குமோ அங்கே கொண்டுபோய்த் தொங்கவிடும் முறை ஒன்று இருக்கிறது. பார்க்கப் பதினைந்து நூல் வால்கள் தொங்கும் குழப்பம். உள்ளே பெரிய ஒழுங்கு. எந்தக் கட்டம் எந்த நிறம் என்பதைத் தொங்கும் நூலே சொல்வதால் எண்ணிக்கைப் பிழை அரிதாகும். இதற்கு எதிர்முறை, ஒரு நிறத்தை எடுத்துப் படம் முழுவதும் அது வரும் இடங்களிலெல்லாம் தைத்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போவது. அதில் வேலை விரைவில் வளர்வதுபோல் தெரியும். ஆனால் ஓர் இடத்தில் ஒரு கட்டம் தவறினால் அதைச் சுற்றி வரும் எல்லா நிறமும் ஒரு கட்டம் தள்ளிப்போகும், தவறு தெரியவே மூன்று வாரம் ஆகும். வளர்ச்சி கண்ணுக்குத் தெரிவதைவிட வளர்ச்சி உறுதியாக இருப்பது மேல் என்று கொள்பவர்களுக்குப் பெட்டி முறையே சரி.

பெட்டி முறைக்கு இன்னொரு நன்மை உண்டு. முடிந்த பெட்டியைத் தாளில் பென்சிலால் நிழலடிக்கலாம். நூறு குறி என்பது ஒரு மாலைக்கு அடங்கும் அளவு. அடுப்பில் சோறு வேகும் நேரத்திலும் பெட்டி பாதி நகரும். முகமும் மலரும் வேகமாய் முடிந்துவிடும். அவற்றில் ஆவல் கையை இழுக்கும். சோதனை வானத்திலும் பின்னணியிலும்தான்: எட்டாயிரம் குறி, ஒரே நீலம், தினமும் பார்த்தால் ஒன்றும் வளர்ந்த மாதிரியே இருக்காது. பாதியில் நின்று அலமாரியில் உறங்கும் படங்களில் பெரும்பாலானவை நிற்கும் இடம் இதுவே. ரோஜாவை முதலில் முடித்துவிட்டுப் பின்னணியைக் கடைசிக்கு வைப்பவர் தனக்குத் தானே சுமை வைத்துக்கொள்கிறார். மலரும் பின்னணியும் கலந்து வரும்படி ஒரு மூலையிலிருந்து பெட்டி பெட்டியாய் நகர்ந்தால், சுமை எல்லா நாளுக்கும் பங்காகிவிடும்.

தவறு வரத்தான் செய்யும். அன்றைய பெட்டியை முடித்ததும் தாளோடு ஒருமுறை ஒப்பிட்டால், பிரிக்க வேண்டியது ஐந்து குறியோடு போகும். பிரிக்கும்போது ஊசியை எதிர்த் திசையில் ஓட்டிப் பிரிப்பதைவிட, குறியின் நடுவில் கத்தரித்துச் சிறு இடுக்கியால் துண்டுகளை எடுப்பது நல்லது. நூல் போனாலும் துணி பிழைக்கும். ஒரு முறை தைத்துப் பிரித்த நூலை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. அதன் பளபளப்பு துளையில் உரசியே போயிருக்கும். இதே காரணத்தால் ஊசியில் கோக்கும் நூல் முழங்கை நீளத்துக்கு மேல் போகக்கூடாது. நீளமான நூல் நேரத்தை மிச்சப்படுத்துவதுபோல் தோன்றும். கடைசி இருபது குறியில் அது பஞ்சாகிவிடும்.

நாசரேத்தின் மண்ணும் காற்றும் இந்த வேலைக்குத் தனிக் கவனம் கேட்கின்றன. கோடைக் காற்றில் தேரிச் செம்மண் தூள் சன்னல் வழியே வந்து எதிலும் படியும். வெள்ளை மேட்டி துணியில் அது படிந்தால் துவைத்தாலும் லேசான காவி தங்கும். கடலை ஒட்டிய புழுக்கத்தில் கை வியர்க்கும், ஊசியில் துரு ஏறும். தைத்து முடித்த ஒவ்வொரு நாளும் துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றி, ஊசியைத் துணியிலிருந்து எடுத்து, வேலையைப் பழைய பருத்தித் தலையணை உறைக்குள் வைப்பது வழக்கமாக வேண்டும். வளையத்தை ஒரு வாரம் கழற்றாமல் விட்டால் அதன் தழும்பு வட்டமாகப் பதிந்துவிடும். துணியில் குத்திய ஊசி ஒரு மழைக்காலத்தில் விட்டுப்போகும் துருப்பொட்டு எந்தச் சோப்புக்கும் மசியாது. வெளிச்சத்துக்குக் காலை நேரம் சிறந்தது; மஞ்சள் விளக்கின் கீழ் வெண்மையும் வெண்மஞ்சளும் ஒன்றாகத் தெரியும், கறுப்பின் மேல் கருநீலம் தைத்தால் கண் ஏமாறும்.

வேலை முடிந்தபின் மதிப்பிடுபவர்கள் துணியைத் திருப்புவார்கள். பின்புறம் வேலையின் நாட்குறிப்பு. நேரான குறுங்கோடுகளாக அது நின்றால் தைத்தவர் வழியறிந்து நடந்திருக்கிறார். ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு நூலை வெட்டாமல் தாண்ட வைத்திருந்தால், வெள்ளைத் துணியில் அந்தக் கறுப்பு நூல் முன்பக்கமே நிழலாய்த் தெரியும். வசனத் தையலில் இது அடிக்கடி காணும் குறை. எழுத்துகளுக்கு நடுவே மங்கலான பாலங்கள். பின்புறத்தை இன்னும் மேலே கொண்டுபோனவர்கள் இந்தியாவிலேயே இருக்கிறார்கள். தார்வாட், ஹூப்ளிப் பகுதியின் கசூத்தி என்ற பூத்தையலில் வெந்தயம் என்று பொருள்படும் மெந்தி என்ற பெயரில் இதே குறுக்குத் தையல் இருக்கிறது. அதன் துணைத் தையல்களில் சில இருபுறமும் ஒன்றுபோல் அமைபவை. நீலகிரியில் தோடர் பெண்கள் தங்கள் பூத்துக்குளிப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கும் புகூர், தாளும் இல்லாமல் கோடும் இல்லாமல் இழையை எண்ணியே வளர்வது. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. குறுக்குத் தையலையே ஒரு மக்களின் முகமாக ஆக்கிக்கொண்டவர்கள் பாலஸ்தீனப் பெண்கள். அவர்களுடைய பூத்தையல் உடைகளில் பெத்லகேம் நிலா, சைப்ரஸ் மரம் என்று வடிவுகளுக்குப் பெயர் உண்டு. எந்த ஊர்க்காரி என்பதை உடையே சொல்லும். 2021இல் யுனெஸ்கோ அதை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசரேத், பெத்லகேம் என்ற பெயர்கள் எந்த நிலத்திலிருந்து தேரிக்காட்டுக்கு வந்தனவோ, அதே நிலத்தின் பெண்களும் பெருக்கல் குறியாலேயே தங்கள் ஊரை எழுதிவைத்திருக்கிறார்கள்.

அவர்களுக்குச் சைப்ரஸ் மரம் என்றால் தென்மாவட்ட வசனத் தையலின் சொந்தச் சொத்து தமிழ் எழுத்துதான். ரோஜாக் கொடியை அச்சிட்ட தாளிலிருந்து எடுக்கலாம். ழகரத்தின் வாலை எத்தனை கட்டத்தில் திருப்புவது என்பதை ஒருவர் நோட்டில் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்துதான் கண்டிருக்கிறார். அந்தக் கணக்கு நோட்டுகள் பெரும்பாலும் பழைய காகிதத்தோடு போய்விடுகின்றன. படத்தைக் காக்கும் வீடுகள் நோட்டையும் காக்க வேண்டும்.

முடிந்த துணியை வெதுவெதுப்பான நீரில் மென்சோப்புக் கரைத்து அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, தடித்த துண்டின் மேல் முன்பக்கம் கீழாக வைத்துத் தேய்க்கிறார்கள். அப்போதுதான் குறிகள் அமுங்காமல் எழும்பி நிற்கும். சிவப்பு நூல் சாயம் விடுகிறதா என்பதைத் தொடங்குமுன்பே ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்திருக்க வேண்டும். சட்டமிடுகையில் கண்ணாடி துணியைத் தொடாதபடி நடுவே அட்டை விளிம்பு வைப்பதும், வெயில் நேராக விழாத சுவரில் மாட்டுவதும் நிறத்தைப் பல பத்தாண்டுகள் காக்கும்.

கடைசியாகத் தைக்க வேண்டியது கீழ் வலது மூலையில், எழுத்துக்கு ஐந்து கட்ட அகலத்தில், தைத்தவரின் பெயரெழுத்தும் வருஷமும். அதைத் தைக்காமல் விட்ட படங்களே மிகுதி. இருபது நிமிட வேலை அது.